மல்லாக்கப் படுக்க வைத்தால் பால் புரையேறாதா?

கேள்வி ஒரு தாயிடமிருந்து வந்தது. சுருக்கம் இதுதான்: குழந்தைக்குப் பத்து வாரம். மல்லாக்கப் போட்டால் பத்து நிமிடத்தில் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறது, குப்புறப் போட்டால் மூன்று மணி நேரம் அசந்து தூங்குகிறது. அடிக்கடி பால் கக்குவதால், மல்லாக்கப் போட்டால் புரையேறிவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். தூக்கத்திலேயே குழந்தைகள் திடீரென்று இறந்துபோவதைப் பற்றிப் படித்ததிலிருந்து இந்தத் தாய்க்குத் தூக்கமே போய்விட்டது. மூச்சைக் கண்காணிக்கும் கருவி வாங்கலாமா என்றும் கேட்கிறார்.

நான் பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராக வேலை பார்ப்பவள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மல்லாக்கத்தான். பகலில் போடும் குட்டித் தூக்கமானாலும் சரி, இரவானாலும் சரி, ஒரு வயது வரை ஒவ்வொரு முறையும் மல்லாக்கத்தான். ஆனால் ‘இப்படிச் செய்யுங்கள்’ என்று மட்டும் சொன்னால், நடுராத்திரி மூன்று மணிக்குக் குழந்தை வீறிட்டு அழும்போது அந்த அறிவுரை மனதில் நிற்காது. காரணம் தெரிந்தால் நிற்கும்.

புரையேறும் பயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பெரியவர்கள் குப்புறப் போடச் சொல்வது பெரும்பாலும் இந்தப் பயத்தால்தான். கழுத்துக்குள் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. முன்பக்கம் மூச்சுக்குழாய், அதற்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, உணவுக்குழாய். குழந்தை மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கும், உணவுக்குழாய் அதற்கு அடியில் இருக்கும். வயிற்றிலிருந்து எதுக்களித்து வரும் பால் தொண்டையின் அடிப்பக்கத்தில்தான் வந்து தேங்கும். மூச்சுக்குழாய்க்குள் போகவேண்டுமென்றால் அது மேல்நோக்கி ஏறவேண்டும். குழந்தை அதை விழுங்கிவிடும், இல்லையென்றால் இருமி வெளியே தள்ளிவிடும். இப்போது அதே குழந்தையைக் குப்புறப் போடுங்கள். உணவுக்குழாய் மேலே போய்விட்டது, மூச்சுக்குழாய் கீழே வந்துவிட்டது. எதுக்களித்து வரும் பால் கீழ்நோக்கி வழிந்தால் அதற்குக் கீழே இருப்பது மூச்சுக்குழாயின் வாசல். ஆக, மாமியார் எதற்குப் பயப்படுகிறாரோ அதற்கு வசதி செய்து தருவதே குப்புறப் போடுவதுதான். பல நாடுகளில் கோடிக்கணக்கான குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கும் பழக்கத்துக்கு மாற்றிய பிறகும் புரையேறி இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடவில்லை. இதை ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் காட்டினால் பெரும்பாலான பாட்டிகள் ஏற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். வாதம் செய்வதைவிட அது எளிது.

பால் கக்கும் குழந்தைக்குத் தலைப்பக்கம் உயர்த்திப் போடுவதும் வேண்டாம். அது கக்குவதைக் குறைப்பதில்லை, குழந்தை சறுக்கிக் கீழே வந்து மடங்கிக் கிடப்பதுதான் மிச்சம். பால் குடித்ததும் கொஞ்ச நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருந்து, ஏப்பம் விட வைத்து, பிறகு சமதளமாகப் படுக்க வையுங்கள். எடை ஏறவில்லை, வாந்தி பச்சையாக வருகிறது, ரத்தம் தெரிகிறது, ஒவ்வொரு முறை பால் குடிக்கும்போதும் மூச்சுத் திணறுகிறது என்றால் அது வேறு விஷயம், உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். மூச்சுப்பாதையின் அமைப்பிலேயே அரிதான குறையோடு பிறக்கும் சில குழந்தைகளுக்கு மருத்துவரே வேறு மாதிரி படுக்க வைக்கச் சொல்லலாம். அந்த முடிவை அவர்தான் எடுக்கவேண்டும்.

‘சரி, ஒருக்களித்துப் போடலாமே’ என்று அடுத்த கேள்வி வரும். ஒருக்களித்த குழந்தை அப்படியே நிற்காது. கை கொஞ்சம் நகர்ந்தாலே முன்பக்கமாகச் சாய்ந்து குப்புற விழுந்துவிடும். அதைத் தடுக்க இருபுறமும் தலையணை முட்டுக் கொடுத்தால் அந்தத் தலையணையே ஆபத்து.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். குப்புறப் போட்டால் அசந்து தூங்குகிறது என்கிறீர்கள். உண்மைதான். குப்புறப் படுத்த குழந்தை அதிக நேரம் தூங்கும், ஆழ்ந்து தூங்கும், சத்தத்துக்கு அவ்வளவு எளிதில் எழாது. நாம் அதை நல்ல தூக்கம் என்கிறோம். இந்த வயதில் அந்த ஆழம்தான் பிரச்சினை.

சிட்ஸ் எனப்படும் திடீர்ச் சிசு மரணம் என்பது, ஒரு வயதுக்குள் இருக்கும், ஆரோக்கியமாகத் தோன்றும் குழந்தை திடீரென இறந்து, பிரேதப் பரிசோதனை, இறந்த இடத்தின் ஆய்வு, மருத்துவ வரலாறு என எல்லாவற்றையும் பார்த்த பிறகும் காரணம் கிடைக்காத மரணம். பெரும்பாலும் தூக்கத்தில் நடக்கிறது. இவற்றில் சுமார் 90 சதவீதம் ஆறு மாதத்துக்குள், அதிலும் இரண்டு முதல் நான்கு மாதத்துக்குள் மிக அதிகம். காரணத்தை விளக்க ஃபிலியானோ, கின்னி என்ற ஆய்வாளர்கள் 1994இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடிவரும்போது இது நடக்கிறது என்பது அந்தக் கருத்து. ஒன்று, குழந்தைக்குள் வெளியே தெரியாத ஒரு பலவீனம். இரண்டு, முதல் ஆறு மாதம் என்கிற, உடல் வேகமாக மாறும் பருவம். மூன்று, வெளியிலிருந்து வரும் ஒரு நெருக்கடி. முதல் இரண்டும் நம் கையில் இல்லை. மூன்றாவது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

அந்த நெருக்கடி எப்படி வருகிறது? குழந்தை மெத்தையில் முகம் பதித்துக் கிடக்கிறது என்று வையுங்கள். வெளியே விட்ட மூச்சுக்காற்று முகத்தைச் சுற்றியே தேங்குகிறது. அதையே திரும்ப இழுக்கிறது. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுகிறது, ஆக்சிஜன் குறைகிறது. சாதாரணமாக மூளையின் அடிப்பகுதியான மூளைத்தண்டு இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும்: குழந்தை நெளியும், தலையைத் திருப்பும், விழித்து அழும். அவ்வளவுதான், தப்பித்துவிட்டது. சிட்ஸில் இறந்த குழந்தைகள் பலரின் மூளைத்தண்டில், மூச்சையும் விழிப்பையும் கட்டுப்படுத்தும் செரட்டோனின் (நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்) அமைப்பில் குறை இருந்ததைப் பிரேதப் பரிசோதனை ஆய்வுகள் காட்டின. அந்தக் குழந்தைகளால் அந்த நேரத்தில் விழித்துக்கொள்ள முடியவில்லை. எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று முன்கூட்டிக் கண்டுபிடிக்க வீட்டில் சோதனை ஏதும் கிடையாது. அதனால் எல்லாக் குழந்தைக்கும் அப்படி ஒரு பலவீனம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே படுக்க வைக்கவேண்டும்.

ஆகவே உங்கள் குழந்தை மல்லாந்து கிடக்கும்போது அடிக்கடி விழித்துக்கொள்கிறதே, அது குறையல்ல. அந்த விழிப்புதான் அதற்குக் காவல். உங்களுக்கு அலுப்பாக இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு மாதக் குழந்தையை ஆறு மணி நேரம் அசையாமல் தூங்கவைக்கும் வித்தை என்று யார் எதைச் சொன்னாலும் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

இதில் ஒரு வருத்தமான வரலாறும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மேலை நாடுகளில் குப்புறப் போடச் சொன்னது பாட்டிகள் அல்ல, மருத்துவர்கள். புரையேறாது, நன்றாகத் தூங்கும் என்ற அதே காரணங்களைச் சொன்னார்கள். 1970 வாக்கிலேயே அது தவறு என்பதற்கான ஆதாரங்கள் ஆய்வுகளில் சிதறிக் கிடந்தன. யாரும் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை. 1985இல் ஹாங்காங்கிலிருந்து ஒரு மருத்துவர், இங்கே இந்த மரணங்கள் அரிது, இங்கே குழந்தைகளை மல்லாக்கப் போடுகிறார்கள் என்று எழுதினார். 1980களின் இறுதியில் நியூசிலாந்தில் பெரிய ஆய்வு நடந்தது. பிரிட்டன் 1991இலும் அமெரிக்கா 1994இலும் மல்லாக்கப் போடுங்கள் என்று நாடு தழுவிய பிரசாரத்தைத் தொடங்கின. பிரிட்டனில் அதற்குப் பிறகு இந்த மரணங்கள் சுமார் 80 சதவீதம் குறைந்தன. அமெரிக்காவில் பத்து ஆண்டுகளுக்குள் பாதியாகக் குறைந்தன. புது மருந்தில்லை, கருவியில்லை, படுக்க வைக்கும் விதத்தை மாற்றியதுதான் முக்கியக் காரணம். மற்ற ஆலோசனைகளையெல்லாம்விட இதைப் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எங்கள் பிரிவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். குறைமாதக் குழந்தைகள் சிலரை நாங்களே குப்புறப் போடுவோம், நுரையீரலுக்கு உதவும் என்பதால். பெற்றோர் கண்ணாடிக்கு வெளியே நின்று அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் அப்படியே செய்கிறார்கள். அங்கே நெஞ்சில் ஒயர்கள், நொடிக்கு நொடி திரையில் எண்கள், பக்கத்தில் செவிலியர். வீட்டில் அது எதுவும் கிடையாது. குறைமாதக் குழந்தைக்குச் சிட்ஸ் அபாயம் மற்றவர்களைவிட அதிகம், அதனால் அவர்களுக்குத்தான் மல்லாந்த படுக்கை இன்னும் முக்கியம். வீட்டுக்கு அனுப்புவதற்கு வெகுமுன்பே மல்லாக்கப் படுத்துப் பழக்கிவிடவேண்டும் என்பதுதான் இன்றைய நடைமுறை.

எதன்மேல் படுக்க வைப்பது? சமதளமாக, கெட்டியாக, வெறுமையாக. மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்ததும் பள்ளம் மறையவேண்டும், குழந்தையின் தலை கிடந்த இடத்தில் குழி தங்கக்கூடாது. விரிப்பு இழுத்துச் செருகியிருக்கவேண்டும். மெத்தைக்கும் தொட்டில் கம்பிக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் அந்த மெத்தை அந்தத் தொட்டிலுக்கானது அல்ல. தலையணை, ரஜாய், பொம்மை, கம்பியைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு எதுவும் வேண்டாம். படத்தில் அழகாக இருக்கும், அவ்வளவுதான். கம்பியில் இடித்துக்கொண்டால் சின்னதாக வீங்கும். பஞ்சில் முகம் புதைந்தால் மூச்சு போய்விடும்.

சாய்வான படுக்கை, ஊஞ்சல் நாற்காலி, வளைந்து தொங்கும் துணித்தொட்டில், கார் இருக்கை இவற்றிலெல்லாம் பிரச்சினை ஒன்றேதான். தலை நிற்காத குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரியது. வளைந்த இடத்தில் கிடந்தால் தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் இடிக்கும். பென்சில் தடிமன்கூட இல்லாத மூச்சுக்குழாய் அப்போது சத்தமே இல்லாமல் மடங்கிவிடும். பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்திருப்பது தூங்குவதற்குச் சரியல்ல என்பது கணக்கு. அமெரிக்காவில் 2022இல் சாய்வான சிசுப் படுக்கைகளையும் பஞ்சுத் தடுப்புகளையும் விற்கவே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். கார் இருக்கை பயணத்துக்கு அவசியம், அதில் விவாதமே இல்லை. போய்ச் சேர்ந்ததும், தூக்கம் கலைந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துச் சமதளத்தில் போட்டுவிடுங்கள்.

ஒரே அறை, தனிப் படுக்கை. குறைந்தது ஆறு மாதம் வரை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில், அதன் சொந்த இடத்தில். பெரியவர்களின் மெத்தை மென்மையானது, போர்வை முகத்தில் ஏறும், சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே சந்து இருக்கும். பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கும் குடும்பங்கள் ஏராளம் என்பது தெரிந்ததுதான், அதனால் அபாயம் எங்கே மிகவும் கூடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன்: குழந்தைக்கு நான்கு மாதம் ஆகவில்லை, குறைமாதம் அல்லது இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தது, படுக்கையில் இருப்பவர்களில் ஒருவராவது புகைபிடிப்பவர், மது அருந்தியவர், அல்லது தூக்கம் வரவைக்கும் மருந்து எடுத்தவர். சளி மருந்துகள் சிலவும் இதில் சேரும். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒரே படுக்கை கூடவே கூடாது.

ஆனால் எல்லாவற்றையும்விட மோசமான இடம் சோபா. படுக்கையில் வைத்துப் பால் கொடுத்தால் தூங்கிவிடுவோமோ என்று பயந்து எழுந்துபோய் சோபாவில் உட்கார்ந்து கொடுக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், விளைவு நேர்மாறு. சோபாவில் குழந்தையோடு தூங்கிப்போனால் அபாயம் 50 மடங்கு வரை கூடுகிறது, இருக்கைக்கும் முதுகுச் சாய்வுக்கும் நடுவே குழந்தை சிக்கிவிடும். அசதியில் கண் செருகும் என்று தோன்றினால், தலையணையையும் போர்வையையும் ஒதுக்கிவிட்டுப் படுக்கையிலேயே வைத்துக் கொடுங்கள். தூங்கிவிட்டால், விழித்த உடனே குழந்தையை அதன் இடத்துக்கு மாற்றுங்கள். இதில் குற்றவுணர்ச்சிக்கு ஒன்றுமில்லை.

சூட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். பிறந்த குழந்தைக்குக் குளிரும் என்று தொப்பி, கையுறை, இரண்டு போர்வை போட்டுப் பொதிவது எல்லோருக்கும் வரும் ஆசை. அளவுக்கு மீறிய சூடு சிட்ஸ் அபாயத்தைக் கூட்டுகிறது. குழந்தை தலை வழியாகத்தான் நிறையச் சூட்டை வெளியே விடுகிறது, வீட்டுக்குள் தூங்கும்போது தொப்பி வேண்டாம். அதே அறையில் நீங்கள் போட்டிருப்பதைவிட ஓர் அடுக்கு அதிகம், அது போதும். கை, கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், இந்த வயதில் அது சாதாரணம். பிடரியிலோ நெஞ்சிலோ விரல்களை வைத்துப் பாருங்கள். சூடாக, பிசுபிசுப்பாக வேர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். போர்வைக்குப் பதில், கைகள் வெளியே இருக்கும்படி உடையைப்போல் மாட்டிவிடும் தூக்க உறை நல்லது. எடை வைத்துத் தைத்த உறைகளை மட்டும் வாங்காதீர்கள்.

மல்லாக்கப் போட்டதும் திடுக்கிட்டு எழுவதற்கு வருகிறேன். கீழே விழுவதுபோல் தோன்றினால் இரண்டு கைகளையும் விரித்து அதிர்வது இந்த வயதின் இயல்பு. பெரும்பாலும் நாம் இறக்கி வைக்கும் விதம்தான் அதைத் தூண்டுகிறது. குழந்தையை உங்கள் நெஞ்சோடு ஒட்டிப் பிடித்தபடியே குனியுங்கள். முதலில் பாதம் படட்டும், பிறகு பிட்டம், முதுகு, கடைசியாகத் தலை. தலைக்கு அடியிலிருக்கும் கையை உடனே உருவாதீர்கள், ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். மறு கை நெஞ்சின்மேல் லேசாக இருக்கட்டும். மெல்லிய துணியில் சுற்றிப் போட்டாலும் அதிர்வு குறையும். ஆனால் நெஞ்சைச் சுற்றி இறுக்கக்கூடாது, தொடைகள் விரிந்து மடங்க இடம் வேண்டும், துணி முகத்துக்கு ஏறக்கூடாது. குழந்தை புரள முயற்சி செய்யும் முதல் அறிகுறி தெரிந்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிடவேண்டும், சிலருக்கு அது மூன்று மாதத்திலேயே வரும். சுற்றிய குழந்தை குப்புற விழுந்தால் கையை ஊன்றித் திரும்ப முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குறைந்தது இரண்டு மாதம் தாய்ப்பால் கொடுத்தாலே அபாயம் ஏறக்குறைய பாதியாகிறது, கலந்து கொடுத்தாலும் பயன் உண்டு. தூங்கப்போகும்போது சூப்பான் (வாயில் வைத்துச் சப்பும் ரப்பர் காம்பு) கொடுப்பதும் பாதுகாப்பு தருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. தாய்ப்பால் நன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு கொடுங்கள், கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டாதீர்கள், தூங்கியதும் வாயிலிருந்து விழுந்தால் திரும்பச் செருகவேண்டாம். கர்ப்பத்தில் புகைப்பதும், குழந்தை இருக்கும் வீட்டில் யாராவது புகைப்பதும் அபாயத்தைக் கூட்டுபவற்றில் முதல் வரிசை. தடுப்பூசியால் இது வருகிறது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. ஊசி போடும் மாதங்களும் சிட்ஸ் அதிகம் நடக்கும் மாதங்களும் ஒன்றாக வருவதால் எழும் சந்தேகம் அது. ஊசி போட்ட குழந்தைகளிடம் அபாயம் குறைவாகவே தெரிகிறது.

கண்காணிப்புக் கருவி வாங்கவேண்டாம் என்பது என் கருத்து. காலில் மாட்டுவது, விரிப்புக்கு அடியில் வைப்பது என வீட்டு உபயோகத்துக்கு விற்கும் எதுவும் சிட்ஸைக் குறைத்ததாக நிரூபிக்கப்படவில்லை. பொய் அலாரம் அடித்து உங்களை இன்னும் நடுங்கவைக்கும், அல்லது கருவி இருக்கிறதே என்று குப்புறப் போடும் தைரியத்தைத் தரும். இரவில் குழந்தையின் மூச்சைக் கவனிக்கும்போது ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த வயதில் மூச்சு ஒரே சீராக இருக்காது. வேகமாகச் சில மூச்சு, பிறகு ஐந்து பத்து நொடி நிறுத்தம், மறுபடி வேகம். இது இயல்பு. நிறுத்தம் இருபது நொடியைத் தாண்டினாலோ, உதடு நீலமானாலோ, உடம்பு துவண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். குழந்தை நன்றாகத் தூங்கும்போதும் பயம் உங்களைத் தூங்கவிடவில்லை, நாள் முழுவதும் அதே நினைவு என்றால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு வரும் பதற்றத்துக்குச் சிகிச்சை இருக்கிறது.

தலை தட்டையாகிவிடுமே என்றால், ஆகலாம், பெரும்பாலும் சரியாகிவிடும். ஓர் இரவு தலை இருந்த பக்கம் மறு இரவு கால் இருக்கும்படி மாற்றிப் போடுங்கள், வெளிச்சம் பார்த்துத் திரும்பும். விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கையில், தாராளமாகக் குப்புறப் போடுங்கள். ஏழு வாரத்துக்குள் நாளொன்றுக்கு மொத்தம் 15 முதல் 30 நிமிடம் வரை கொண்டுவந்தால் கழுத்தும் தோளும் வலுவாகும். குப்புறப் போட ஆசைப்படும் மாமியாருக்கு இந்த வேலையைக் கொடுத்துவிடலாம்.

ஆனால் அவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். எப்போதும் மல்லாந்து தூங்கிப் பழகிய குழந்தையை ஒரே ஒரு முறை குப்புறத் தூங்கவைப்பது, தினமும் அப்படித் தூங்கும் குழந்தையைவிடப் பல மடங்கு ஆபத்து. முகம் புதைந்தால் தலையைத் தூக்கித் திருப்பும் பழக்கம் அதற்கு இல்லை. காப்பகத்தில் விட்டாலும், உறவினர் வீட்டில் ஒரு மதியம் விட்டாலும், முதல் நாளே இதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அப்புறம், குழந்தை தானாகக் குப்புற விழ ஆரம்பிக்கும் காலம் வரும். இரண்டு பக்கமும் தானே புரளத் தெரிந்துவிட்டால், நீங்கள் மல்லாக்கப் போட்டு, அது ராத்திரி குப்புறத் திரும்பினால் அப்படியே விட்டுவிடலாம், எழுந்து எழுந்து திருப்பவேண்டியதில்லை. போடும்போது மட்டும் மல்லாக்கப் போடுங்கள். படுக்கை வெறுமையாக இருப்பது அப்போதுதான் இன்னும் அவசியம், ஏனென்றால் இப்போது அது நகர்ந்துபோய் எதன்மேலும் முகத்தை வைத்துக்கொள்ளும். தலையணையும் போர்வையும் ஒரு வயது முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.